ஜெப ஷீலாவின் எடை

1986 ஆகஸ்டு முதல் செவ்வாய்க்கிழமை பந்தல்குடி பால்வாடியில் பிள்ளைகளுக்கு எடை போட்டபோது, லாரி டிரைவர் செல்வதுரையின் மகள் ஜெப ஷீலாவுக்கு எடையே இல்லை என்று தராசு காட்டியது. பிள்ளைக்கு நாலு வயது. எடை போட்டவள் பெற்ற தாய் மரியசெல்வி. பால்வாடி டீச்சர் அவள்தான். விட்டத்தில் தொங்கிய தராசைத் தட்டிப் பார்த்துவிட்டு அடுத்த பிள்ளையை ஏற்றினாள். பதிமூன்றே கால் கிலோவில் முள் சரியாக நின்றது. மறுபடி மகளை ஏற்றினாள். முள் அசையவில்லை, துணித்தொட்டில்தான் கொஞ்சம் மேலே எழும்பியது. பிள்ளை கன்னமும் கையுமாக நன்றாகவே இருந்தது, காலையில் மூன்று இட்லி தின்றிருந்தது. இறக்கி விட்டால் பாதம் தரையில் படாமல் நாலு விரற்கடை உயரத்தில் நின்றது, அவ்வளவுதான்.

ஊரில் எந்தப் பிள்ளை இளைத்தாலும் வீடு தேடிப்போய், என்னத்தைத் தின்னக் கொடுக்கிறாய் என்று தாயைப் பிடித்துக்கொள்பவள் மரியசெல்வி. தன் பிள்ளைக்கும் தீனிதான் குறை என்று நினைத்தாள். முட்டையும் கேப்பைக்கூழும் சத்துமாவு உருண்டையுமாக ஒரு மாதம் ஊட்டினாள். பிள்ளை தரையிலிருந்து ஒரு சாண் உயர்ந்தது. பிறகு லாரியில் கழற்றிப் போட்ட பழைய நட்டுகளைப் பாவாடை மடிப்புக்குள் வைத்துத் தைத்தாள். செப்டம்பர் மாத எடை அட்டையில் பதிமூன்று கிலோ என்று எழுதினாள். அத்தனையும் இரும்பு. பால்வாடி ஆயா சுப்பம்மாள் அவள் எழுதுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"டீச்சர், உங்க வீட்டுக்காரவுக தூத்துக்குடிக்கு லோடு எடுத்துப் போயிருந்த நாலு நாளும் பிள்ள தரையிலதான் நடந்துச்சு. அவுக வந்த அன்னிக்குத்தான் மேல எந்திரிச்சது."

"அப்ப அவுகதான் காரணம்ங்கியா?"

"அவுக மட்டும் ஒத்தையிலயா சண்ட போடுறாக?" என்றாள் சுப்பம்மாள்.

அது உண்மை. செல்வதுரை குடிக்காதவன், கை நீட்டாதவன். ஆனால் எஞ்சின் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய தொண்டை. மரியசெல்வியோ முப்பது பிள்ளைகளை ஒரே அதட்டலில் அடக்குகிறவள். லாரியை விட்டுவிட்டு அருப்புக்கோட்டை மில்லில் வேலைக்குச் சேர்வதா வேண்டாமா என்று சண்டை தொடங்கும். குழம்பு உப்பு வழியாகப் போய் இரண்டு பக்கத்துச் சொந்தக்காரர்களிடமும் முடியும். அக்டோபரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்து வாசலிலேயே ஆரம்பித்துவிட்டார்கள். பிள்ளை, நட்டு தைக்காத கோயில் சட்டையில் இருந்தது. சத்தம் ஏற ஏற அதுவும் ஏறியது. கூரையைத் தாண்டி, ரோட்டைத் தாண்டிப் போய், ஒற்றைக் கருவேல மரத்தின் உச்சியில் சட்டை முள்ளில் மாட்டி நின்றது. அதற்கப்பால் வெறும் கரிசல் காடு. பிடித்து நிறுத்த வேறு மரமில்லை. செல்வதுரை லாரியை மரத்தடிக்குக் கொண்டுவந்து கேபின் மேல் ஏறினான். முள் கிழித்த கைகளை நீட்டியபோது பிள்ளை அழவில்லை.

"முடிஞ்சிருச்சாப்பா? இறங்கட்டா?" என்று கேட்டது.

மறுநாளிலிருந்து இருவரும் பேசுவதை நிறுத்தினார்கள். தட்டு நகரும் சத்தம் மட்டும் வீட்டில் கேட்டது. ஒரே வாரத்தில், தைத்த இரும்பையும் மீறிப் பிள்ளையின் தலை விட்டத்தில் இடித்தது. பிறகு சண்டையை ஊருக்கு வெளியே, வறண்டு கிடந்த கண்மாய்க்குள் கொண்டுபோனார்கள். பிள்ளையைச் சுப்பம்மாளிடம் விட்டு, சைக்கிளில் போய், வேண்டிய மட்டும் கத்திவிட்டுத் திரும்பினார்கள். பிள்ளை அதற்கு மேல் ஏறவில்லை, இறங்கவும் இல்லை. ஒரு சாயங்காலம் அப்படித் திரும்பியபோது, வாசலில் ஸ்டாண்டு போடாமல் சைக்கிளைப் பிடித்தபடியே, பிள்ளை கேட்க, "செல்வி, உங்க அண்ணனப் பத்தி நான் சொன்னது தப்பு" என்றான் செல்வதுரை. அவன் ஏன் அப்படிச் சொன்னான் என்று அவனுக்கே தெரியாது. "நானும் கூடக்கொறச்சுப் பேசிட்டேன்" என்றாள் மரியசெல்வி. பிள்ளை மெல்ல இறங்கிவந்து அவன் சட்டைப்பையில் கைவிட்டு மிட்டாய் தேடியது. அன்றைக்குத் தராசில் நூறு கிராம் நின்றது. மரியசெல்வி பாவாடை மடிப்பைப் பிரித்துவிட்டு, அட்டையில் பதிமூன்று கிலோவை அடித்து நூறு கிராம் என்று எழுதினாள்.

ஒரு பிள்ளை பறந்ததை ஊர் பத்து நாளில் மறந்தது. ஓர் ஆம்பிளை வாசலில் நின்று பெண்டாட்டியிடம் தப்பு என்று சொன்னதை வருஷக்கணக்கில் பேசியது. டீக்கடை சோலைச்சாமி தினமும் கேட்பான்: "ஏலே டிரைவரு, இன்னைக்கு எத்தன தப்பு?"

"ரெண்டு. எறநூறு கிராமு" என்று செல்வதுரை டீயை ஊதிக் குடிப்பான்.

ஒரு நாள் கடையில் ஆளில்லாத நேரம் பார்த்து சோலைச்சாமி அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். அவனுடைய கடைசி மகன் ஒரு வாரமாக நுனிக்காலில் நடந்துகொண்டிருந்தான். "அந்த மொத வார்த்த இருக்குல்ல, அத எப்படிலே எடுக்க?" என்று கேட்டான். செல்வதுரை சிரிக்காமல் சொல்லிக்கொடுத்தான்.

பத்து வயதில் ஷீலா இருபத்தெட்டு கிலோ இருந்தாள். சண்டை ஒருபோதும் நிற்கவில்லை. கண்மாயில் தண்ணீர் கிடந்த வருஷங்களில் கரைமேல் நின்று போட்டார்கள். 1998 மே மாதம், ஊர் எல்லையில் வண்டியை ஓரங்கட்டி, கைப்பிரேக்கைப் போட்டுவிட்டு, செல்வதுரை ஸ்டியரிங்கில் சாய்ந்து இறந்துபோனான். மறுநாள் மத்தியானம் பந்தலில் பெட்டிக்கருகே உட்கார்ந்திருந்த மரியசெல்வி பாயிலிருந்து எழும்பத் தொடங்கினாள். சுற்றியிருந்த பெண்கள் இடம்விட்டு நகர்ந்தார்கள். பதினாறு வயது ஷீலா எழுந்து அம்மாவின் கையைப் பிடித்தாள். அவளுடைய கால் இரண்டும் மண்ணில் அழுந்தியிருந்தன.

"நான் பிடிச்சிருக்கேன்மா. நீ அழு."

மரியசெல்வி பந்தல் உயரத்தில் இருந்தபடி வாய்விட்டு அழுதாள். பெட்டியைத் தூக்கியதும், அம்மாவின் கையை விடாமல் ஷீலா பெட்டியை ஒட்டியே கல்லறைத் தோட்டம் வரை நடந்தாள். உச்சி வெயில். மேலே வந்துகொண்டிருந்தவளின் நிழல் செல்வதுரையின் பெட்டிமேல் விழுந்தது. சுமந்தவர்கள் அது விலகாதபடி நடையைக் கொஞ்சம் மெதுவாக்கிக்கொண்டார்கள்.