தொண்டைக்கு லீவு

ரயில் நிலையத்தில் அறிவிப்புச் சொல்கிற அந்த அம்மாளின் குரல் லேசுப்பட்ட குரல் அல்ல. ஒலிபெருக்கியில் ‘இரண்டாம் நடைமேடை’ என்று அவள் ஒரு தடவை சொன்னால், முதலாம் நடைமேடையில் அசந்து தூங்குகிறவனும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடுவான். அங்கே போன பிறகுதான் பெட்டி தன்னுடையதில்லை என்பதே அவனுக்குத் தெரியும்.

அப்பேர்ப்பட்ட குரலை வீட்டில் அவள் தண்ணீராய்ச் செலவழித்துக்கொண்டிருந்தாள்.

“டேப்ப மூடு! ஃபேன அணை! பேப்பர்ல பின்பக்கம் காலியாத்தானே இருக்கு, ஏன் கசக்குற?”

மூத்த மகளுக்கு வீட்டில் வக்கீல் என்று பெயர். எதைச் சொன்னாலும் மறுவாதம் தயாராக வைத்திருப்பாள். இளையவன் அருவி. அவன் பல் தேய்த்து முடிக்கும்வரை குழாயும் கூடவே ஓடும். உலகத்தில் தண்ணீர் தீர்ந்துபோகிற அன்றைக்குக் கடைசி வாளி இவன் காலடியில்தான் ஓடும் என்பது அப்பாவின் கணிப்பு.

ஒரு திங்கட்கிழமை காலையில், “டேப்ப...” என்று அவள் ஆரம்பித்தபோது, எண்ணெய் காணாத கதவு திறக்கிற சத்தம்தான் வந்தது.

டாக்டரம்மா தொண்டைக்குள் டார்ச் அடித்துப் பார்த்தார். “ஸ்டேஷன்ல இவ்ளோ கத்துவீங்களா?”

அவள் இல்லையென்று தலையாட்டினாள். கூட வந்திருந்த வீட்டுக்காரர், “ஸ்டேஷன்ல மைக் இருக்கு டாக்டர். வீட்லதான் இல்ல,” என்றார். மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் அவர். கண்ணுக்குப் பவர் பார்ப்பதுபோலவே மனைவியின் கோபத்துக்கும் பவர் பார்த்து வைத்திருந்தவர்.

“ஒரு வாரம் வேலைக்கு லீவு போட்டுட்டு வாயே திறக்காம இருக்கணும்மா. கிசுகிசுன்னு பேசுறது அதைவிடக் கெடுதல். மீறினா, போன குரல் போனதுதான்.”

அடுத்த திங்கட்கிழமைதான் தலைமை அலுவலகத்திலிருந்து பெரிய அதிகாரி வந்து அவள் குரலைக் கேட்கப் போகிறார். நன்றாக இருந்தால் தற்காலிக வேலை நிரந்தரம். இல்லாவிட்டால் அவள் நாற்காலியில் ஒரு மெஷினை உட்கார வைத்துவிடுவார்கள். மெஷின் அட்டைப்பெட்டியோடு ஏற்கெனவே வந்து இறங்கியாயிற்று.

அன்று மாலையே வீடு சர்க்கஸ் கூடாரமாக ஜொலித்தது. எல்லா அறையிலும் விளக்கு, ஆளில்லாத கட்டிலுக்கெல்லாம் காற்று. அவள் கைதட்டினாள். பாட்டுக்குத் தாளம் என்று நினைத்து அருவி ஆடினான். கரண்டியால் தட்டை அடித்தாள். “சாப்பாடு ரெடி!” என்று எல்லோரும் வந்து உட்கார்ந்தார்கள்.

மறுநாள் மேல்வீட்டு அம்மாள் படியிறங்கி வந்தாள். “ஏம்மா, ஊருக்குப் போயிட்டியோன்னு நெனச்சேன். உன் சத்தத்துலதான் எங்க வீட்டு ஃபேனும் நின்னுக்கிட்டு இருந்துச்சு. இப்ப என் பையன் எதையும் அணைக்க மாட்டேங்கறான்!”

ஓடி ஓடி அணைத்தால் தொண்டை பிழைக்கும், முட்டி போய்விடும். தவிரவும், கத்தினாலும் ஓடினாலும் வேலை அவளுக்குத்தான். பிள்ளைகளின் கை சும்மாவேதான் இருக்கிறது. அது புரிந்ததும் அவள் கூடத்து நாற்காலியில் கையைக் கட்டி உட்கார்ந்துவிட்டாள்.

படிக்கிற அறையில் விளக்கு எரிய, ஃபேன் ஓட, வக்கீல் வெளியே வந்தாள். அம்மா பார்த்தாள்.

“திரும்பப் போவேன்ல, அதான் அணைக்கல.”

அம்மா பார்த்துக்கொண்டே இருந்தாள்.

“அணைச்சு அணைச்சுப் போட்டா சுவிட்ச் கெட்டுப்போகும்.”

எதிர்த்தரப்பே இல்லாத வழக்கில் எந்த வக்கீலுக்குத்தான் கையும் காலும் ஓடும்?

“நீ என்ன சொல்லுவேன்னு எனக்குத் தெரியும். ‘ஆளில்லாத ரூம்ல நாற்காலிக்கா வேர்க்குது?’ன்னு கேப்ப. அதுக்கு நான்...” யோசித்தாள். “அதுக்கு நான்...”

நாற்காலிக்கு வேர்க்கிறது என்று நிரூபிக்க எவ்வளவோ முயன்று பார்த்தாள், முடியவில்லை. முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டு போய் அணைத்தாள். பிறந்ததிலிருந்து அவள் தோற்ற முதல் வழக்கு அது. தோற்கடித்ததும் அவளே என்பதால் மேல்முறையீட்டுக்கும் வழியில்லை.

அருவியின் கதை குளியலறையில் முடிந்தது. தலை முதல் கால் வரை நுரையோடு பனிமனிதன் மாதிரி நின்றவன் அலறினான். “அம்மா! டேப்பு செத்துப்போச்சு!”

கத்துகிற ஆளில்லாததால் மாடித் தொட்டியைக் காலி செய்திருந்தவன் அவனேதான். இனி மறுநாள்தான் தண்ணீர் வரும். அம்மா குடிதண்ணீரில் ஒரு செம்பு கொண்டுவந்து அவன் கையில் கொடுத்து, அவ்வளவுதான் என்று கையை விரித்தாள். அவன் அந்தச் செம்பை வைத்துத் தலையைக் கழுவினான், கண்ணைக் கழுவினான், காதையும் முதுகையும் கழுவினான். செம்பின் அடியில் இன்னும் கொஞ்சம் மிச்சமிருந்ததைப் பார்த்து அவனே அசந்துபோனான். யானையைக்கூடக் குளிப்பாட்டிவிடலாம் என்று தோன்றிவிட்டது அவனுக்கு.

அன்றிலிருந்து ஒரு டம்ளர் தண்ணீரில் பல் தேய்த்தான். அதோடு விட்டானா? குளியலறைக் கதவில் காதை வைத்துக்கொண்டு, “அப்பா, இன்னுமா தண்ணி ஓடுது? உள்ள என்ன, ரயிலா கழுவுறீங்க?” என்று விரட்டினான்.

“அவ பேசாம இருக்கான்னு சந்தோஷப்பட்டேன்டா. உன்கிட்ட மாட்டிக்கிட்டேன்,” என்றார் அப்பா.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவர் ஸ்கூட்டர் கழுவ இறங்கினார். பாதியில் போன் வந்தது. ஹோஸைக் கீழே போட்டுவிட்டு, யாருடைய கண் பவரைப் பற்றியோ பேசிக்கொண்டே நடந்தார். தண்ணீர் தெருமுனை வரை போய், எந்தப் பக்கம் திரும்பலாம் என்று நின்று யோசித்தது.

ஜன்னலில் நின்றிருந்த அவளுக்கு கத்துவதற்கான மூச்சு நெஞ்சில் தானாக நிரம்பியது. கழுத்து நரம்பு புடைத்தது. ஒரே ஒரு வார்த்தை வெளியே வந்தால் போதும், மறுநாள் மெஷின்தான் அறிவிப்புச் சொல்லும். உதட்டைக் கடித்தாள். அடங்குகிற மூச்சாக அது தெரியவில்லை. வாய் திறந்தேவிட்டது.

“அப்பா! டேப்ப மூடுங்க!”

பால்கனியிலிருந்து வந்தது அந்தச் சத்தம். வக்கீலும் அருவியும் சேர்ந்து போட்டது. அம்மாவின் குரலேதான், இரட்டைப் பங்கு. அப்பா போனைக் கீழே போட்டுவிட்டுக் குழாய்க்குப் பாய்ந்தார். மேல்வீட்டுக் குழாய் நின்றது. எதிர்வீட்டுக் குழாய் நின்றது. சம்பந்தமே இல்லாமல் தெருவில் போன ஒரு கார்கூட இன்ஜினை அணைத்துவிட்டு நின்றது.

அவள் திறந்த வாயால் வெறும் காற்றை வெளியே விட்டாள். கண்ணிலிருந்துதான் கொஞ்சம் தண்ணீர் வீணானது.

திங்கட்கிழமை, பள்ளிக்கு நேரமானாலும் பரவாயில்லை என்று குடும்பமே நடைமேடையில் நின்றது. கண்ணாடித் தடுப்புக்குள் அதிகாரி கையைக் கட்டி உட்கார்ந்திருக்க, அவள் மைக்கை இழுத்து வைத்துக்கொண்டாள்.

“பயணிகளின் கனிவான கவனத்திற்கு...”

ஒரு வாரம் ஓய்வெடுத்த குரல் அது. டீ ஆற்றிக்கொண்டிருந்தவரின் கை அந்தரத்தில் நின்றது. அழுத குழந்தைகள் வாயை மூடின. புறப்பட்ட ரயிலின் ஓட்டுநர், இன்னொரு முறை கேட்டுவிட்டுப் போகலாமா என்று தலையை வெளியே நீட்டினார்.

அதிகாரி எழுந்தார். “அந்த மெஷினைப் பெட்டியோட திருப்பி அனுப்புங்கய்யா. நம்ம ஸ்டேஷனுக்கு அது வேண்டாம்,” என்றார்.

அவள் வெளியே வந்ததும் பிள்ளைகள் காலைக் கட்டிக்கொண்டார்கள்.

“அம்மா, இனிமே நீ வீட்லயும் கத்தலாம்ல?” என்றான் அருவி.

“எதுக்குடா கத்தணும்? டேப்ப மூடாத ஆள் யார் இருக்கா, நான் கத்துறதுக்கு?”

“ஏன், நான் ஒருத்தன் இருக்கேன்ல?” என்றார் வீட்டுக்காரர்.

அவள் சிரித்த சிரிப்புக்கு, மைக் இல்லாமலே, மூன்றாம் நடைமேடையில் இருந்தவர்களும் திரும்பிப் பார்த்தார்கள்.