தோலில் ஒன்றுமில்லை

கன்னியப்பனுக்கு எலிகளிடம் இரக்கம் தாராளம். பெண்டாட்டியிடம் மட்டும் கொஞ்சம் சிக்கனம்.

கல்லூரி ஆய்வுக்கூடத்தில் எலிக்கூண்டுகளைக் கழுவி, வாலாஜாபாத் மில்லிலிருந்து வரும் உமியை மாற்றிப் போடுவது அவர் வேலை. அந்த வெள்ளிக்கிழமை ஒரு பெண் எலி பின்னங்காலால் பிடரியை விடாமல் சொறிந்துகொண்டிருந்தது. மனசு கேட்காமல் ஆராய்ச்சி செய்கிற பிரபா மேடத்திடம் போய் நின்றார்.

"மேடம், இது மட்டும் பேஜாரா சொறிஞ்சிக்கினு கீது. பக்கத்துக் கூண்டுது சும்மா கீது. உமியில சுணை இருக்குமா?"

"ரெண்டுக்கும் ஒரே உமிதான் கன்னியப்பன். அரிப்பு வர்ற மருந்தும் ஒரே அளவுதான் போட்டோம். ரெண்டுக்குமே சினைப்பையை எடுத்தாச்சு. இதுக்கு மட்டும் பெண் ஹார்மோன் குடுத்திருக்கோம். அதான் அதிகமா அரிக்குது."

"தோல்ல ஒண்ணியும் காணோமே?"

"காணோம்னா அரிப்பு பொய்யா?"

அவர் உமி மூட்டையைப் பார்த்துக்கொண்டே கேட்டார்: "பொம்பளைங்களுக்கும் இப்படித்தானா மேடம்?"

"தீட்டு நிக்கிற வயசுல ஹார்மோன் ஏறி இறங்கும். சிலருக்கு அரிப்பு வரும். ஏன்னு இன்னும் முழுசா தெரியல. உங்க வீட்ல யாருக்காவது இருக்கா?"

கன்னியப்பன் மூட்டையைத் தூக்கினார்.

உத்திரமேரூர்ப் பக்கத்து ஊரில் அவர் மனைவி ஆதிலட்சுமி ஒரு வருஷமாகச் சொறிகிறாள். முதல் பழி, அவர் உடம்பில் ஒட்டிக்கொண்டு வரும் உமிமேல் விழுந்தது. பம்புசெட்டில் குளித்துவிட்டே வீட்டுக்குள் வந்தார், அரிப்பு போகவில்லை. டாக்டர் பார்த்துவிட்டுத் தோலில் ஒன்றுமில்லை என்றார். அந்த வார்த்தையை இவர் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். "எல்லாம் உன் மனசுல கீது" என்றார். அக்கம்பக்கத்தாரோ ஒட்டுவியாதி என்றார்கள். ஞாயிற்றுக்கிழமை மகள் கீர்த்தியைப் பெண் பார்க்க வருகிறார்கள். நாலு பேர் எதிரில் இவள் சொறிந்து காரியம் கெட்டுவிடக் கூடாதென்று, வியாழக்கிழமைதான் புள்ளலூருக்கு, அவள் அண்ணன் வீட்டுக்கு அனுப்பியிருந்தார். அவளும் கீர்த்தியின் ஜாக்கெட்டுக்குக் கொக்கி தைத்து வைத்துவிட்டு, மறுபேச்சில்லாமல் பஸ் ஏறினாள். அதைச் சாமர்த்தியம் என்றுதான் அவர் நினைத்திருந்தார். இப்போது நினைக்கவே வெட்கமாக இருந்தது.

சாயங்காலம் புள்ளலூரில் போய் இறங்கினார். வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தவள் பதறி எழுந்தாள்.

"இன்னா ஆச்சு? பொண்ணு நல்லாத்தான கீது?"

"நல்லா கீது. பையை எடு, வூட்டுக்குப் போலாம்."

"வந்தவங்க முன்னாடி அரிச்சா?"

"சொறிஞ்சிக்கோ. கண்ணுக்குத் தெரியலன்னா பொய்யின்னு நெனச்சிட்டேன் லட்சுமி. எம்மேலதான் தப்பு."

எலி விஷயத்தைச் சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. கட்டியவளிடம் போய் நீயும் எலியும் ஒன்று என்று சொல்லக் கூடாது என்கிற அளவுக்கு அவருக்குப் புத்தி இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை கேசரி கொடுத்துவிட்டு ஆதிலட்சுமி பாயில் வந்து உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம்தான். முந்தானையை முறுக்கினாள், தோளை அசைத்தாள், கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. மாப்பிள்ளையின் அம்மா பார்த்துவிட்டாள்.

"இன்னா, உடம்புக்கு எதனா முடியலியா?"

கீர்த்தி தலையைத் தூக்கவில்லை. கன்னியப்பன் காபி டம்ளரைக் கீழே வைத்தார். நகர்ந்து போய் மனைவியின் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"அவளுக்கு அரிப்புங்க. இந்த வயசுல வர்றதுதான். ஒட்டாது" என்றார். சொல்லிக்கொண்டே அத்தனை பேர் எதிரிலும் அவள் முதுகில் கையை வைத்தார்.

"எங்கமே? இங்கியா?"

ஆதிலட்சுமி கண்ணை மூடிக்கொண்டாள்.

"இன்னும் கொஞ்சம் மேல."