காந்தப்புலம்பல்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை ஒரு எழுத்துப்பிழையால்தான் கதையானது. என் தங்கை கருந்துளைகளைக் கணினிக்குள் உருவாக்கிப் பார்க்கும் ஆராய்ச்சியாளர். அவளைப் பற்றி எழுத வேண்டுமென்று எனக்கு ரொம்ப நாளாக ஆசை. முதல் வரி இப்படி வந்தது:

‘எல்லையற்ற பிரபஞ்சத்தின் இருண்ட மௌனத்தில்…’

(அடித்துவிட்டேன். மௌனத்தைப் பற்றி எழுத நான் யார்? அரை மணி நேரம் வாயை மூடிக்கொண்டு இருந்தவள் இல்லை.)

2

நேராகவே சொல்கிறேன். கருந்துளையின் ஈர்ப்பில் மாட்டிய வாயு உள்ளே விழும். விழும்போது காந்தப்புலத்தையும் இழுத்துக்கொண்டு போகும். அந்தப் புலம் துளையின் வாசலில் சேர்ந்து சேர்ந்து, ஒரு கட்டத்தில் பின்னால் வருகிற வாயுவையே தள்ளி நிறுத்தும். பஸ்ஸில் முதலில் ஏறியவர்கள் படியிலேயே நின்றுகொண்டால் என்ன ஆகும், அதேதான்.

தங்கை எடுத்துக்கொண்டது, சுற்றாமல் நேரே வந்து விழுகிற வாயு. அவள் கணினியில் அது நின்றுவிட்டது. அவளுக்கு ஒரே குஷி. அவளுடைய ஆராய்ச்சிப் பிரிவின் தலைவர் பார்த்துவிட்டு, “வாயு நிக்குதுன்னா ஈர்ப்பைத் தப்பாப் போட்டிருக்கீங்கம்மா” என்றார். ஈர்ப்பு சரிதான் என்று வெள்ளிக்கிழமைக்குள் நிரூபிக்காவிட்டால் பெரிய கணினியை வேறு குழுவுக்குக் கொடுத்துவிடுவார்கள். இரண்டு வருஷ உழைப்பு விழலுக்கு இறைத்த நீர்.

(வாயு விழலை, உழைப்பு விழலுக்கு. தமிழுக்குத்தான் எவ்வளவு குறும்பு.)

3

‘அவள் கண்களில் நீர் திரண்டு…’

இதைப் படித்துவிட்டு, “நான் எங்கக்கா அழுதேன்? பல்லக் கடிச்சேன். மாத்து” என்றாள். சரி, பல்லைக் கடித்தாள்.

அடுத்த வரியில் விரலை வைத்தாள். “இது என்ன, காந்தப்புலம்பல்?”

‘புலம்’ என்று அடித்தால் போதும், என்னைப் பற்றித் தெரிந்த மாதிரி என் கைபேசி ‘புலம்பல்’ என்று முடித்துவிடும். சமாளிக்க வேண்டாமா?

“வேணும்னுதான் போட்டேன். அது புலம்புறதாலதானே வாயு நின்னு கேக்குது? புலம்பலை நிறுத்திப் பாரு, அது பாட்டுக்குப் போயிரும்.”

அவள் சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது.

“அக்கா, புலத்தை நிறுத்திட்டு ஓட்டிப் பார்க்கலாம்.”

அதாவது, காந்தப்புலத்தைப் பூஜ்யமாக்கிவிட்டு மற்ற எல்லாவற்றையும் அப்படியே வைப்பது. வாயு விழுந்தால் ஈர்ப்பு சரி, நிறுத்தியது புலம்தான். அப்போதும் விழாவிட்டால் தலைவர் சொன்னதுதான் சரி.

(ஒரு விஞ்ஞானிக்கு இது முன்பே தோன்றாதா என்பீர்கள். எனக்கும் இந்தக் கதாபாத்திரத்தின் மேல் சந்தேகம் வந்தது. கேட்டேன். “கோவத்துல ஈர்ப்பையே ஒன்பது தடவ சரிபார்த்துட்டிருந்தேன்க்கா” என்றாள். நம்பித்தானே ஆகணும்.)

4

முடிவு ஒன்று: வாயு அசையவில்லை. அவள் கணினியை அணைத்துவிட்டு…

(மாட்டேன். கூடப்பிறந்தவளை வைத்துக்கொண்டு இதையா எழுதுவது?)

முடிவு இரண்டு: தலைவர் எல்லார் முன்னாலும் மன்னிப்புக் கேட்டு, அவளுக்குத் தன் நாற்காலியையே…

(இது எனக்குப் பிடித்தது. “அசிங்கமா இருக்கு, தூக்கு” என்றாள்.)

5

ஆக, நடந்தது இது. வெள்ளிக்கிழமை மதியம் மூன்று மணி. அவள் அறை. அவள் நாற்காலியில், நான் மேசை விளிம்பில், தலைவர் கதவில் சாய்ந்துகொண்டு. புலத்தை நிறுத்திவிட்டு ஓட்டியதன் படம் திரையில் ஓடத் தொடங்குவதற்குள் தங்கை கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

“நீயே பாருக்கா. என்னால ஆகாது.”

பார்த்தேன். ஆரஞ்சு நிற வாயு ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. நேராக, மடமடவென்று உள்ளே போய்க்கொண்டே இருந்தது. தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் கையைக் காட்டி நிறுத்தினேன். அவரா சொல்வது?

“விழுந்துச்சாக்கா?” என்று கேட்கிறாள். கண் இன்னும் மூடித்தான் இருக்கிறது. என் விரல்களை நெரிக்கிறாள்.

எனக்குச் சந்தோஷத்தில் குரலே வரவில்லை. நீங்களும்தான் பார்த்தீர்களே. நீங்கள் சொல்லுங்கள் அவளிடம்.