கிப்பி பாறை

ஸ்கார்வி என்ற மீனவ ஊரில் கடல் பாறைகளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டால் பதில் சொல்லும். தண்ணீரில் இருப்பவர்களுக்கு மட்டும்தான் கேட்கும், கரையில் நிற்பவர்களுக்குக் கேட்காது. அதுவும் "இங்கதான்" என்ற ஒரே சொல். பனிமூட்டத்தில் திரும்பும் படகுக்கு அது போதும். துறைவாயில் நின்ற கிழவிப்பல் என்ற பாறைக்குக் கரகரத்த பெண்குரல். கூப்பிட்டவன் குடித்திருந்தால் இரண்டு முறை சொல்லும்.

1867 கோடையில் அரசாங்க அளவைக்காரர்கள் சங்கிலியும் கொடிக்கம்புமாக வந்து வரைபடத்துக்காக இடப்பெயர்களை விசாரித்தார்கள். மீனவர்களைக் கேட்கவில்லை, பாதிரியாரைக் கேட்டார்கள். அவருக்குக் கிழவி என்றாலே சூனியக்காரி ஞாபகம். நிலப்பிரபுவின் மனைவி பெயரால் அதை அகஸ்டா பாறை என்று சொல்லிவிட்டார். வரைபடம் அச்சாகி வந்த வாரமே பாறை வாயை மூடிக்கொண்டது. நவம்பரில் கில்பர்ட் ஃப்ளெட்டின் படகு மீனோடு திரும்பும்போது பனி இறங்கியது. அவன் கூப்பிடுவது கரையில் நின்றவர்களுக்கு நன்றாகவே கேட்டது. கிழவிப்பல் என்று கூப்பிட்டான். பிறகு, மரியாதையாகவே, அகஸ்டா சீமாட்டி என்றான். அப்புறம் பலகை உடையும் சத்தம். துடுப்பைப் பற்றி மிதந்த, கூடப் போன இருவரைக் கரைக்கு இழுத்துப் போட்டார்கள். கில்பர்ட் கிடைக்கவில்லை.

மறுநாள் அவன் மனைவி எல்ஸ்பெத் துறைமேட்டில் நின்று பாறையை வைதாள். "பேரு மாறிட்டா வாய் செத்துப்போச்சா? என் புருசன் தொண்டை கிழியக் கத்துனாரே, ஒரு சொல்லு சொல்லியிருந்தா உன் பல்லு கொட்டியிருக்குமா?" வைதுவைது சொல் தீர்ந்ததும், "கிப்பி!" என்று அவனை வீட்டில் கூப்பிடுவதுபோலக் கத்தினாள். அவளுக்கு ஒன்றும் கேட்கவில்லை. அந்நேரம் துறைக்குள் நுழைந்த கில்பர்ட்டின் தம்பி ஆன்ட்ராவுக்குக் கேட்டது: "இங்கதான்." பாறையிலிருந்து அண்ணன் குரல், சளி இருமலும் சேர்ந்து.

அதிலிருந்து பனி நாட்களில் எல்லாப் படகும் கிப்பியைக் கூப்பிட்டன, எல்லாப் படகும் கரை சேர்ந்தன. குளிர்காலம் முழுக்க ஊர் ஆண்கள் தன் புருசனைக் கூப்பிடுவது எல்ஸ்பெத்துக்குக் கேட்டது. அவன் சொல்லும் பதில்தான் கேட்கவில்லை. பிப்ரவரியில் ஆன்ட்ராவிடம் போய் நின்றாள்.

"என்னைப் படகுல ஏத்து."

"பொம்பளை ஏறுன படகை நாளைக்கு எவன் அண்ணி தொடுவான்? வலையில ஒரு மீனு விழாதும்பாங்க."

"நான் மீனுக்கா வர்றேன்? அவரு பேரை ஊரே கூவுது. காதைப் பொத்திக்கிட்டு நான் கருவாடு திருப்பிக்கிட்டு இருக்கணுமா?"

ஆன்ட்ரா தொப்பியைக் கழற்றித் திரும்ப மாட்டிக்கொண்டான். ஸ்கார்வியில் மனைவிமார்தான் கணவன்மாரை, கால் நனையாமல், முதுகில் சுமந்து படகில் விடுவார்கள். அன்று அவன் அண்ணியைச் சுமந்துபோய் விட்டான். பாறை அருகே துடுப்புகளை நிறுத்தினார்கள்.

"கிப்பி."

"இங்கதான்."

"குளிருதாய்யா?"

அதற்குப் பதில் வரவில்லை. அவள் பேரை மட்டும் கூப்பிட்டாள், வந்தது. கடலேற்றம் வடியத் தொடங்கும்வரை கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். படகிலிருந்தவர்கள் யாரும் அவசரப்படுத்தவில்லை.

மறுவாரமும் அந்தப் படகுக்கு வழக்கமான மீன் விழுந்தது. பனி இறங்கும் நாளில் முன்பக்கத்தில் அவளுக்கு இடம் விட்டார்கள்; கூப்பிடுவது அவள் வேலையாயிற்று. அவள் பல் விழுந்து குரல் உடைந்த பிறகும் அவன் குரலுக்கு வயதாகவில்லை. யாரோ ஒரு தாய் மகனைக் கூப்பிடுகிறாள் என்று வெளியூர்ப் படகுக்காரர்கள் நினைத்துக்கொண்டார்கள். ஸ்கார்விக்காரர்கள் அவர்களைத் திருத்தவில்லை.