டீ ஆறுது

பஸ் ஓட்டுநர் இருபத்தாறு வருஷத்தில் ஒரு சைக்கிளைக்கூட உரசியதில்லை. ஆனால் டாக்டர் இவர் கையில் பட்டையைச் சுற்றினால் போதும், ரத்த அழுத்தம் எகிறிவிடும். உடல்தகுதிப் பரிசோதனையில் இரண்டு தடவை தவறிவிட்டார். மூன்றாவதும் தவறினால் பஸ் போச்சு, பணிமனையில் டயர் எண்ணிக்கொண்டு உட்கார வேண்டியதுதான்.

ஆட்டோஜெனிக் பயிற்சி என்று நர்ஸ் ஒரு தாள் கொடுத்தாள். கண்ணை மூடி, கை கனமாக இருக்கிறது, கதகதப்பாக இருக்கிறது, நெற்றி குளுகுளுவென்று இருக்கிறது என்று சொல்லிச் சொல்லியே உடம்பைத் தளர்த்த வேண்டுமாம். ஐயாவுக்கு இரண்டு வரிக்கு மேல் மனப்பாடம் ஆகாது. மனைவிதான் போனில் பதிவு செய்து கொடுத்தாள். அவள் குரலில் ‘கை கனமா இருக்கு’ என்றால் கைக்கு வேறு வழி? கனத்துத்தான் ஆக வேண்டும். முஷ்டியை இறுக்கி, கையை நீட்டி மடக்கி எழ வேண்டும் என்ற கடைசி வரியைப் படிக்குமுன் அடுப்பில் பால் பொங்கிவிட்டது. பதிவு அத்தோடு நின்றது. அதனாலென்ன, தினமும் அவளே டீயோடு வந்து எழுப்பிவிடுவாள்.

பரிசோதனை நாளில் டாக்டரிடம் கெஞ்சி, பத்து நிமிஷம் படுத்துப் பதிவைக் கேட்டார். அழுத்தம் நூற்று முப்பது. டாக்டர் பேனாவைத் திறந்துகொண்டே எழச் சொன்னார். ஆள் அசையவில்லை. டாக்டர் கையைத் தூக்கி விட்டார். தொப்பென்று விழுந்தது. டாக்டருக்கு வியர்த்துவிட்டது. பக்கவாதமோ என்று பேனாவை மூடிவிட்டு நர்ஸைக் கூப்பிட்டார். சத்தம் கேட்டு, வெளியே பெஞ்சில் இருந்த மனைவி உள்ளே வந்தாள்.

“ஏங்க, டீ ஆறுது.”

சடக்கென்று எழுந்து உட்கார்ந்தவர், “சக்கரை போட்டியா?” என்றார்.

டாக்டர் நம்பவில்லை. மறுபடி அளக்கணும் என்று பட்டையை எடுத்தார். ஓட்டுநருக்குப் பகீரென்றது. தொலைந்தது பஸ். ஆனால் அவள் டாக்டர் பக்கம் திரும்பினாள்.

“பால் பொங்குனது என் தப்பு, ஒத்துக்கறேன். எப்படி எழுப்பணும்னு உங்க தாள்லயே போட்டிருக்கு. நீங்க ஒரு தடவை படிச்சிருக்கலாம்ல? நல்லாயிருக்கற மனுஷனப் பக்கவாதம்னு பயமுறுத்துறீங்க.”

அவள் நிறுத்தவில்லை. முப்பது வருஷமாகத் தனக்கே விழுந்துகொண்டிருந்த திட்டு, முதல் தடவையாக இன்னொருத்தர் தலையில் விழுவதை ஓட்டுநர் பார்த்தார். ஆஹா, எவ்வளவு நிம்மதி. நெற்றி தானாகவே குளுகுளுத்தது.

மெஷின் நூற்றுப் பதினெட்டு காட்டியது. டாக்டர் அவசரமாகக் கையெழுத்துப் போட்டார். பேனா மூடியைத் திறக்க மறந்து, இரண்டாம் தடவைதான் மை விழுந்தது.

சான்றிதழைச் சட்டைப் பையில் பத்திரமாக வைத்துக்கொண்டு ஓட்டுநர் மெதுவாகக் கேட்டார்.

“அந்தப் பதிவ உங்களுக்கும் அனுப்பி வைக்கட்டுமா, டாக்டர்?”