கருநாக்கு பேபி ஜாடையாகச் சொன்னது

உங்களுக்குத் தெரிந்தவர்களில் யாருக்காவது கருநாக்கு உண்டா? அண்ணனூர் ரயில் பணிமனைக்குப் பின்பக்கத் தெருவில் இருக்கும் பேபிக்கு உண்டு. நாவல்பழம் தின்ற மாதிரி நாக்கின் வலது ஓரத்தில் ஒரு கறை, பிறவியிலேயே. அவள் வாய்விட்டுச் சொன்னது மறுநாள் காலையில் நடந்துவிடும். வேறு இடமாக இருந்தால் எதிரில் வந்தாலே ஒதுங்கிப் போயிருப்பார்கள். இந்தத் தெருவில் அவளைப் பற்றிச் சொல்லாமல் விலாசம்கூடச் சொல்ல மாட்டார்கள். 2015 வெள்ளத்தின்போது, தண்ணீர் நம் தெருமுனையைத் தாண்டாது என்று அவள் ஒரு சாயங்காலம் சொன்னாள். காலையில் தெருமுனையில் தண்ணீர் இடுப்பு உயரத்துக்குக் கண்ணாடிச் சுவர் போல நின்றிருந்தது, இந்தப் பக்கம் தரை காய்ந்திருந்தது. உள்ளே கெளுத்தி மீன் போவது தெரிந்தது. புதிதாக ஃபிளாட் வாங்கி வந்தவர்களுக்கு அந்த இடத்தை இன்றைக்கும் காட்டுகிறார்கள்.

ஒரே குறை, அந்த நாக்கு சொல்லைத்தான் எடுத்துக்கொள்ளும், நினைப்பை எடுத்துக்கொள்ளாது. அவள் அப்பாவுக்கு சர்க்கரை நோய் ஏறியபோது, இந்த வீட்டில் இனிமேல் சுகர் கிடையாது என்றாள். மறுநாள் டப்பாவில் இருந்த சர்க்கரை காணாமல் போயிற்று. அப்பாவின் ரத்தத்தில் இருந்தது அப்படியே இருந்தது. அன்றிலிருந்து அந்த வீட்டில் வெல்லக் காப்பிதான். வாயைத் திறக்கும் முன் பேபி யோசிக்கப் பழகியதும் அன்றிலிருந்துதான்.

அவள் புருஷன் முனியன் அம்பத்தூர் எஸ்டேட்டில் தகடு அடிக்கும் பிரஸ் ஓட்டுகிறவன். இருபத்திரண்டு வருடமாக இடது கன்னத்தில் புகையிலை அடக்குகிறவன். போன ஆடியில் தெருவில் வாய்ப் பரிசோதனை முகாம் போட்டார்கள். ஆவடி பக்கத்துப் பல் ஆஸ்பத்திரியிலிருந்து டாக்டர் கிருஷ்ணப்பிரியா டார்ச்சோடு வந்திருந்தார். எதிர்வீட்டுச் சம்பத்தின் ஈறில் இருந்த நீலக் கறுப்பு, எப்போதோ பல்லில் அடைத்த வெள்ளிக் கலவை ஊறியது, பயமில்லை என்றார். பீடி குடிக்கும் ஒருவருக்கு ஈறு காப்பி நிறமாகியிருந்தது. பல்செட்டைக் கழற்றாமல் தூங்கும் பெரியவரின் வெள்ளை, பஞ்சால் துடைத்ததும் வந்துவிட்டது. அது பூஞ்சை, மருந்து உண்டு. பேபியின் நாக்கை அதிக நேரம் பார்த்துவிட்டு, இது வெறும் நிறம், ஒன்றும் செய்யாது என்றார். அந்த 'வெறும்' தெருவுக்கே கொஞ்சம் வலித்தது. பேபி மட்டும் சிரித்தாள்.

முனியனின் கன்னத்தில் பத்து ரூபாய் நாணயம் அளவுக்கு ஒரு வெள்ளைப் படை. துடைத்தார், வரவில்லை. டாக்டர் குரலைத் தாழ்த்தினார். புகையிலை உட்கார்ந்த இடம் இது, துளி சதை எடுத்துப் பரிசோதிக்க வேண்டும், வெள்ளை என்பது எச்சரிக்கை, அதே இடத்தில் சிவப்பு வந்தால் இன்னும் மோசம், இந்த வாரமே வாருங்கள் என்றார்.

முனியன் போகவில்லை. கத்தி பட்டால் புற்று பரவிவிடும் என்று எஸ்டேட்டில் யாரோ சொல்லியிருந்தார்கள். வீட்டுக்கு வந்து பேபியின் எதிரில் உட்கார்ந்தான்.

"அந்த வெள்ள போயிடும்னு ஒரு வார்த்த சொல்லு. வெள்ளத்தையே நிறுத்தினவ நீ, இது இன்னா பெருசு?"

பேபி வாயைத் திறந்தாள், மூடிக்கொண்டாள். வெள்ளை போய்விடும், சரி. அந்த இடத்துக்கு எந்த நிறம் வரும் என்று நாக்கு கேட்காது. அவள் சர்க்கரை டப்பாவை நினைத்தாள், டாக்டர் சொன்ன சிவப்பை நினைத்தாள். முடியாது என்று தலையை ஆட்டினாள்.

ஒன்பது நாள் பேச்சில்லை. புருஷன் பெண்டாட்டி சண்டை என்றால் அந்தத் தெருவில் ஜாடைதான். ஊருக்கெல்லாம் சொல்கிறவளிடம் கட்டினவனுக்குச் சொல்ல ஒரு சொல் இல்லையாம் என்று அவன் டிவியிடம் சொன்னான். அவள் பதிலை மிக்ஸியிடம் சொன்னாள். பத்தாம் நாள் சாயங்காலம் அவன் மறுபடியும் புகையிலைப் பொட்டலத்தைப் பிரிப்பதைப் பார்த்தாள். சாப்பிடும்போது காரம் பட்டு அவன் முகம் சுளித்ததையும் மத்தியானமே பார்த்திருந்தாள். காஸ் அடுப்பைப் பார்த்துத் திரும்பி நின்று நிதானமாகச் சொன்னாள்.

"போயல போடறவன் நாளைக்கு காலைல அந்த டாக்டரம்மா முன்னால வாயத் தொறந்துகினு நிப்பான்."

சொன்ன பிறகுதான் பெயர் சொல்லவில்லை என்பது உறைத்தது. சொன்னது சொன்னதுதான்.

மறுநாள் காலை ஏழரை மணிக்கு டாக்டர் கிருஷ்ணப்பிரியா வந்தபோது ஆஸ்பத்திரி வாசலில் ஆயிரத்து முந்நூற்று நாற்பது ஆண்கள் வாயைத் திறந்தபடி வரிசையில் நின்றிருந்தார்கள். பட்டாபிராமிலிருந்து அம்பத்தூர் வரைக்கும் உள்ளவர்கள். சிலர் லுங்கியில், ஒருவர் பாதி முகச்சவர நுரையோடு. எப்படி வந்தோம் என்று யாருக்கும் தெரியவில்லை. பெண்கள் யாரும் இல்லை. பேபி 'போடறவன்' என்றுதான் சொல்லியிருந்தாள். டாக்டர் டார்ச்சை எடுத்துக்கொண்டு முதல் ஆளிடமிருந்து தொடங்கினார். முதல் ஆள் முனியன். அவன் திறந்த வாயை மூடாமலே பின்னால் திரும்பி, இதெல்லாம் தன் பெண்டாட்டி சொன்னது என்று அடுத்தவனிடம் சொன்னான்.