வெள்ளியின் மேல் திட்டுகள்

திரையில் மறுபடியும் அதே திட்டுகள். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. காற்றை முழுக்க உறிஞ்சி எடுத்த எஃகுக் கலத்துக்குள், நகத்தளவு வெள்ளித் துண்டு ஒன்று உறைகுளிரில் உட்கார்ந்திருக்கிறது. அதன் மேல் கார்பன் மோனாக்சைடு வாயுவைத் துளியூண்டு விட்டு, மூலக்கூறுகள் எப்படி ஒட்டுகின்றன என்று ஊசிமுனையால் வருடிப் படம் எடுக்க வேண்டும். அவை ஒன்றுக்கொன்று ஆகாமல் தள்ளித் தள்ளித்தான் உட்காரும் என்பது பேராசிரியரின் கணக்கு. இவையோ மழைக்கு ஒதுங்கியவர்களைப் போல மூன்றும் நான்குமாகச் சேர்ந்து நின்றன.

காட்டினால் அவர் சொல்வது ஒன்றே ஒன்றுதான்: "அழுக்கும்மா. சுத்தம் பண்ணு." சுத்தம் என்றால் லேசுப்பட்ட வேலையா? அயனிகளால் சுரண்டி, பழுக்கக் காய்ச்சி, ஆறவைத்து, திரும்ப வாயு விட வாரம் ஓடிவிடும். அழுக்குப் படத்தை அன்றன்றே அழித்துவிட வேண்டும், இல்லாவிட்டால் தவறிப்போய்க் கட்டுரையில் நுழைந்துவிடும் என்பது இந்த ஆய்வகத்தின் சட்டம். அவளும் தட்டாமல் அழித்தாள். "வெள்ளியத் தேய்க்கவா இத்தனை வருஷம் படிச்சே?" என்று போனில் அம்மா கேட்டபோது எரிச்சல்தான் வந்தது. ஆய்வேட்டின் கடைசி அத்தியாயம் இதை நம்பித்தான் இருக்கிறது. நாளை முதல் கருவி அடுத்த மாணவனுக்கு. அவன் காலையிலிருந்தே இரண்டு முறை எட்டிப் பார்த்துவிட்டுப் போனான்.

காய்ச்சும் விசைக்குப் போன கை பாதியில் நின்றது. அழுக்கென்றால் ஒரு தடவை இங்கே, ஒரு தடவை அங்கே என்று கண்டபடி அல்லவா படியும்? இது ஒவ்வொரு தடவையும் அச்சில் வார்த்தது போல ஒரே அளவில் வருகிறதே. பேராசிரியரை அறையிலிருந்து கையோடு கூட்டிவந்தாள்.

"லேசா மட்டும் சூடு ஏத்துறேன் சார். வாயுன்னா கிளம்பிடும். அழுக்குன்னா அந்தச் சூட்டுக்கு அசையாது."

"வாயு திட்டுத் திட்டா சேராதும்மா."

"அதைத்தான் சார் பாத்துடலாம்ங்கறேன்."

சூடு மெல்ல ஏறியது. வெளியேறும் வாயுவை எடை பார்க்கும் கருவியில், கார்பன் மோனாக்சைடின் எடையான இருபத்தெட்டில் கோடு விறுவிறுவென்று எழுந்தது.

"நைட்ரஜனுக்கும் அதே எடைதானே. எங்கயாவது கசிவு இருக்கும்," என்றார்.

அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள். "வெளிக்காத்து கசிஞ்சா ஆக்சிஜனும் சேந்து வரணும் சார். அந்தக் கோடு அசையவே இல்ல பாருங்க."

அவர் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"இது வேற விஷயம்மா," என்றார். குரலே மாறியிருந்தது. "உன் அத்தியாயமே இதான். ஆனா இன்னிக்கு எடுத்த ஒரு படத்த வச்சு யாரும் நம்ப மாட்டாங்க. ஒவ்வொரு தடவையும் இப்படித்தான் சேந்துச்சுன்னு காட்டணும். பழைய படத்தையெல்லாம் எடு."

அவளுக்கு ஒரு கணம் சிரிப்பு வரும் போலிருந்தது.

"அழிச்சிட்டேன் சார்."

"ஏம்மா?"

"அழுக்குன்னு சொன்னீங்க."

ஊசி புதுப் படத்தை வரி வரியாக இறக்கிக்கொண்டிருந்தது. இருவரும் திரையையே பார்த்தார்கள். ஒரு புள்ளி, ஒரு கீறல் இல்லை. ஏற்றிய சூட்டில் வாயு மொத்தமும் கிளம்பிப்போய், வெள்ளி துடைத்துவிட்டாற்போல் கிடந்தது.